இடது கை நின்ற இடம்

இடது கை எங்கே. கீழ் மணிகள் வர வேண்டிய இடம் இது, வரவில்லை, மேலே சின்ன மணிகள் மட்டும் நான் எழுதியபடியே ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருக்கின்றன, அடியில் எதுவும் இல்லை, தரைத்தளம் இடிந்துபோன வீட்டில் மாடி மட்டும் அந்தரத்தில் நிற்கிற மாதிரி. எடுத்துவிட்டார். ஹெலன் என் கீழ் மணிகளை எடுத்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருக்கும் தாடிக்காரக் கிழவர் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார், இதை எழுதினவள் நான்தான் என்று அவருக்குத் தெரியும், ஆரம்பிக்கும் முன் மைக்கில் பேர் சொன்னபோது புல்தரையில் எழுந்து நின்றேன், பியூலா ஞானசிகாமணி என்ற பேரை அந்த அறிவிப்புப் பெண் தடுக்கித் தடுக்கிக் கடந்தாள், எல்லோரும் கைதட்டினார்கள். கனடாவுக்குப் படிக்க வந்து இரண்டாவது வசந்தம். வெயில் இருக்கிறது, சூடு இல்லை. கோபுரத்தின் உச்சியில் சின்னதும் பெரியதுமாக வரிசை வரிசையாக மணிகள், அவற்றுக்குக் கீழே ஓர் அறை, அறையில் ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு முன்னால் ஆர்மோனியக் கட்டைகள் போல ஆனால் கைத்தடி கனத்தில் மரப்பிடிகள், காலுக்கு மிதிகட்டைகள், பிடியை மூடின கையால் குத்தினால் கம்பி இழுபட்டு மேலே மணியின் நாக்கு போய் அடிக்கும், இடது கைக்குப் பெரிய மணிகளின் கீழ்ச் சுரங்கள், வலது கைக்குச் சின்ன மணிகளின் மேல் சுரங்கள். காரிலான் என்று பேர். வந்த முதல் நாள் இதைக் கேட்டபோது பைத்தியக்காரத்தனமான வாத்தியம் என்று நினைத்தேன், வாசிக்கிறவரை யாரும் பார்க்க முடியாது, கேட்க விருப்பமில்லாதவரும் கேட்டே ஆக வேண்டும், ஊர் மொத்தமும் கேட்கும், அடித்த மணியைக் கைவைத்து அடக்க முடியாது, அதுவாக அடங்கினால்தான் உண்டு. இசைப் படிப்பில் இந்த வருஷம் நாங்கள் நாலு பேர் இதற்குப் புதிதாக எழுதியிருக்கிறோம், என்னுடையது இரண்டாவது, மூன்றாவது துவாரகனுடையது, நாலையும் ஹெலன் வாசிக்கிறார், பல்கலைக்கழகத்தின் மணி வாசிப்பவர் அவர்தான், ஐம்பத்தைந்து வயதிருக்கும், குட்டை முடி, தோள் இரண்டும் படகு வலிக்கிறவர் போல. போன மாதம் என் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கீழே இவ்வளவு வேண்டாம், பெரிய மணிகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து சேறாகிவிடும், பாதியை எடுத்துவிடு" என்றார். "சேறாகத்தான் வேண்டும்" என்றேன். இரண்டு பேரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டோம். எடுக்கவில்லை. இப்போது அவரே எடுத்துவிட்டார், மேலே, கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்க முடியாத இடத்தில்.

பெரம்பூரில் பாடகர் குழுவுக்கு நான் எழுதின முதல் கிறிஸ்துமஸ் பாட்டில் மாஸ்டர் அடிக்குரலான நான்காம் குரலை மொத்தமாக மாற்றிவிட்டார், ஆராதனையில் பாடும்போதுதான் எனக்கே தெரிந்தது, அன்றைக்கும் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து சிரித்தேன், அம்மா என் தொடையைக் கிள்ளி, "நாலு பேர் முன்னாடி மூஞ்ச தூக்கி வெச்சிக்காத" என்றாள். தூக்கி வைக்கவில்லை அம்மா. பார், சிரிக்கிறேன். ஒன்றிரண்டு கீழ் மணி வருகிறது, இல்லை, வருவது போல வந்து தேய்கிறது, நோயாளி கதவைத் தட்டுகிற மாதிரி, இது என்ன வாசிப்பு, எடுப்பதென்றால் சுத்தமாக எடுக்க வேண்டியதுதானே. மூன்றாம் பக்கத்திலிருந்தே இப்படித்தான். இப்போது மேல் மணிகளும் கூட்டமாக ஏறி உச்சிக்குப் போய், அங்கே எல்லா மணிகளோடும் அந்த மகா பெரிய மணி, பாட்டு முழுவதும் தொடாமல் வைத்திருந்தேனே அந்தப் பெரிய மணி, அது விழ வேண்டும், விழவில்லை. மேல் மணிகள் மட்டும் சிலீரென்று உடைந்தன. நின்றது. மௌனம் நான் எழுதினதுதான். பெரிய மணியின் ஓசை முழுக்க அடங்கும் வரை காத்திரு, அதற்குப் பின் ஒரு மூச்சு இழுத்துவிடு, பிறகு தொடங்கு என்று எழுதியிருக்கிறேன். அடங்குவதற்கு எதுவும் ஒலிக்கவே இல்லையே ஹெலன், எதற்காகக் காத்திருக்கிறீர்கள். புல்தரையில் யாரும் அசையவில்லை. ஒரு குழந்தை ஏதோ கேட்க அதன் அப்பா வாயில் விரல் வைக்கிறார். எவ்வளவு அழகாகக் காத்திருக்கிறார்கள், என் மௌனத்தை எவ்வளவு மதிக்கிறார்கள், தாடிக்காரர் கண்ணையே மூடிக்கொண்டுவிட்டார். தூரத்தில் நீரூற்றுப் பக்கம் துவாரகன், அவன் அம்மா அப்பா, ஸ்காபரோவிலிருந்து மகன் பாட்டைக் கேட்க வந்திருக்கிறார்கள், என் பையும் அங்கேதான் இருக்கிறது, அவன் அம்மா கொண்டு வந்த மட்டன் ரோல்ஸ் டப்பாவுக்குப் பக்கத்தில். மணி தூரத்தில் இருந்துதான் கேட்க வேண்டும் என்பது அவன் சித்தாந்தம். நான்தான் பயத்தில் கோபுரத்தடிக்கு வந்து உட்கார்ந்தேன். இப்போது அவன் இந்தப் பக்கம் பார்க்கிறானா தெரியவில்லை. ஒரு மூச்சு. போதும் ஹெலன். இரண்டு மூச்சு. வேண்டுமென்றே நீட்டுகிறாரா, எடுத்ததும் போதாமல் நீட்டவும் வேண்டுமா, வாசிக்கிறவருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். மேல் மணிகளின் கடைசி ரீங்காரமும் போய்விட்டது. சாலையில் பஸ் ஒன்று பெருமூச்சு விட்டு நிற்கிறது. வாத்துகள். கம்பி அறுந்திருக்குமோ. கம்பி அறுந்தால் ஒரு மணிதான் போகும், இடது பக்கம் மொத்தமும் போகாது. இடது பக்கம் மொத்தமும். இடது கை. மிதிகட்டையில் இடது கால். நான் இதை எதற்கு இப்படி எண்ணுகிறேன். அவர் எடுக்கவில்லை என்றால். எடுக்கவில்லை, போய்விட்டது என்றால். எழுந்து போ. எழுந்து எங்கே போவது, இத்தனை பேர் கண்ணை மூடிக் கேட்கும்போது பாட்டை எழுதினவளே எழுந்து ஓடினால் பைத்தியம் என்பார்கள், போய்க் கதவைத் திறந்தால் ஹெலன் திரும்பிப் பார்த்து, என் மௌனத்தைக் கெடுத்துவிட்டாயே என்பார், நாளைக்குக் கல்லூரி முழுக்கச் சிரிக்கும். இன்னும் ஒரு மூச்சு பார்ப்போம். இந்த மௌனம் தப்பு என்று இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு மட்டும். இன்னும் ஒரே ஒரு மூச்சு. முதுகு வியர்த்துவிட்டது. உட்கார்ந்தே இருக்கிறேன். சிரிப்புக்கூட இன்னும் முகத்தில் இருக்கிறது, கன்னம் வலிக்கிறது.

எப்போது எழுந்தேன். கிழவரின் தெர்மாஸ் காலில் இடித்து உருண்டது, அவர் கண்ணைத் திறந்தார், மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கோபுரக் கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது, உள்ளே இருட்டும் கல் ஈரமும், படி சுற்றிச் சுற்றி ஏறுகிறது, கை சுவரைத் தடவிக்கொண்டே வருகிறது, இப்போது தொடங்கிவிடுங்கள் ஹெலன், நான் பாதிப் படியில் இருக்கும்போது தொடங்கிவிடுங்கள், முட்டாள் மாதிரி இறங்கிப் போகிறேன், எத்தனை பேர் சிரித்தாலும் சரி, கீழ் மணி ஒன்றுகூட வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். என் மூச்சுத்தான் கேட்கிறது. படிக்கு நடுவில் ஒரு கண் அளவு ஜன்னல், அதில் துண்டு வானம், மறுபடி இருட்டு. மேல் கதவைத் தள்ளினேன். பெஞ்சில் ஆள் இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. பெஞ்சின் இடது முனையில் சரிந்து, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் சொருகினாற்போலக் கிடக்கிறார், தலை வலப்பக்கம் திரும்பியிருக்கிறது, வலது கை மட்டும் மேல் மணிகளின் பிடிகளை நோக்கி மூடிய விரல்களோடு தயாராக நிற்கிறது. "ஹெலன்." கண் திறந்துதான் இருக்கிறது. "ஹெலன், என்ன ஆச்சு." "ஷ்" என்றார். வாயின் ஒரு பக்கம்தான் அசைந்தது. "இன்னும் அடங்கவில்லை." "எது அடங்கல?" "பெரிய மணி" என்றார், நாக்கு தடித்துப்போய், குழறலாக, ஆனால் நிதானமாக, மாணவிக்குச் சொல்கிற குரலில். அடிக்காத மணி. அவர் காதில் அது ஒலித்துக்கொண்டிருக்கிறது, எழுதினபடி அது அடங்கக் காத்திருக்கிறார். சுகாதார மையத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் படம், கோணின வாய், தொங்கும் கை, தினம் தாண்டிப் போகிற படம், பெயர் மட்டும் வர மறுக்கிறது, ஸ்ட்ரோக், ஸ்ட்ரோக். "இடது கையைத் தூக்குங்க." "தூக்கித்தானே இருக்கிறேன்." கை மடியில் கிடக்கிறது, யாரோ விட்டுவிட்டுப் போன கையுறை மாதிரி. தூக்கவில்லை ஹெலன். தூக்கவில்லை என்று உங்களிடம் எப்படிச் சொல்வது. அக்குளில் கைகொடுத்துப் பிடித்துச் சரியவிடாமல் தரையில் உட்காரவைத்துச் சுவரில் சாய்த்தேன், என்ன கனம், தலைக்குப் பின்னால் என் ஸ்வெட்டர். போன். என் போன் பையில், பை ரோல்ஸ் டப்பாவுக்குப் பக்கத்தில். ஹெலன் மேலே போன் கொண்டு வர மாட்டார், நடுவில் அடித்தால் என்ன செய்வது என்று கீழே காரிலேயே போட்டுவிட்டு வருவார். ஓடிப் போய் யாரையாவது கூட்டி வரலாம், இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது, மறுபடி சரிகிறார், வாந்தி எடுத்தால் மூச்சடைத்துவிடும். ஜன்னல் இடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன். உதவி, உதவி, ஆங்கிலத்தில், பிறகு எந்த மொழியில் என்றே தெரியாமல். காற்று அதை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனது. கீழே பொட்டுப் பொட்டாகத் தலைகள், எல்லாம் அசையாமல், இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

பிடிகளில் குத்தினேன். எது கைக்குக் கிடைத்ததோ அது, இரண்டு கையாலும், மிதிகட்டையில் ஏறி நின்று இரண்டு காலாலும், பெரிய மணி, அதற்கடுத்த பெரிய மணி, நடு மணி, சுரம் கிடையாது, தாளம் கிடையாது, அறை நடுங்குகிறது, பல் நடுங்குகிறது, வெண்கலம் தலைக்கு மேலே வானத்தைப் பிளக்கிற மாதிரி, இந்த ஊரில் யாருக்காவது இது பாட்டில்லை என்று தெரியாதா, தீப்பிடித்தால் மணி அடிப்பார்களே, வெள்ளம் வந்தால் அடிப்பார்களே, அப்படி அடிக்கிறேன், மேலே வாருங்கள், யாராவது வாருங்கள். விரல் முட்டி தோல் உரிந்து எரிகிறது. ஹெலன் தரையிலிருந்து என்னைப் பார்க்கிறார், முகத்தில் ஒரு சின்ன ஆட்சேபம், என்னம்மா இது, இதை நீ எழுதவில்லையே என்று. மூச்சு வாங்க நிறுத்தினேன். கீழிருந்து மழை மாதிரி ஒரு சத்தம். இடுக்கில் பார்த்தேன். எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எல்லோரும். தாடிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டுகிறார். அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு அந்தக் குழந்தை தட்டுகிறது. என் பாட்டு முடிந்துவிட்டதாம், பிரமாதமான முடிவாம். மறுபடி போய் அடித்தேன், பெரிய மணி ஒன்றையே, திரும்பத் திரும்ப, கைதட்டல் இன்னும் கூடுகிறது, அடிக்க அடிக்கத் தட்டுகிறார்கள், இதற்கு முடிவே கிடையாது, நான் அடிப்பேன் அவர்கள் தட்டுவார்கள், ஹெலன் இங்கே சரிந்துகொண்டே போவார். அப்போதுதான் பார்த்தேன், நீரூற்றுப் பக்கமிருந்து ஓர் ஆள் புல்தரையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஓடி வருகிறான், விரிப்புகளை மிதித்துக்கொண்டு, ஜனங்களைத் தள்ளிக்கொண்டு. துவாரகன். அவனுக்கு என் முடிவு தெரியும். அதற்காக என்னோடு சண்டையே போட்டான், "கடைசியில அந்தக் குட்டி மணி ஒண்டோட முடிக்கிறீரே, கீழ நிக்கிற சனத்துக்கு அது எங்க கேக்கும்?" என்று கேட்டான், "கேக்கலன்னா போகட்டும், காத தீட்டிக்கட்டும்" என்றேன், யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன், என்னை நீர் என்றுதான் கூப்பிடுவான், நான் அதைக் கேலி செய்வேன். படியில் அவன் காலடி. கதவில் அவன் முகம், வெளுத்துப்போய், கையில் போன். "என்ன நடந்தது?" "ஸ்ட்ரோக்னு நினைக்கிறேன் துவா. ஆம்புலன்ஸ் கூப்பிடு." கூப்பிட்டான். கோபுரம், உச்சி அறை, பெண், ஐம்பத்தைந்து, ஒரு பக்கம் அசையவில்லை, ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே ஹெலனின் மறுபக்கம் முழங்காலிட்டுத் தோளைத் தாங்கிக்கொண்டான். போனைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தான். "முதல் அடியிலேயே விளங்கிட்டுது, இது உம்மட முடிவில்லையெண்டு. அம்மா நல்லாயிருக்கெண்டு கை தட்டுறா. நான் எழும்பி ஓடி வாறன்." ஹெலனின் தலைக்குப் பின்னால் ஸ்வெட்டரைச் சரிசெய்தேன். "நீர் எப்பிடி மேல வந்தனீர்? எப்பத் தெரியும் உமக்கு?" சாதாரணமாகத்தான் கேட்டான். எப்போது தெரியும் எனக்கு.

இப்போது அறையில் இடமே இல்லை, ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர், அவர்களின் பைகள், மடக்கு நாற்காலியில் வார்வாராக ஹெலனைக் கட்டுகிறார்கள், ஸ்ட்ரெச்சர் இந்தப் படியில் திரும்பாது. அவர்களில் மூத்தவர், செம்பட்டை மீசைக்காரர், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கிறார். "கடைசியாக எப்போது சரியாக இருந்தார்? யாருக்காவது தெரியுமா? அது எப்போது என்பதை வைத்துத்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடலாமா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வார். தப்பாகச் சொன்னால் ஊசியே ஆளைக் கொன்றுவிடும்." துவாரகன் உடனே சொல்கிறான், பாட்டு நின்றபோது, ஊரே கேட்டது, அந்த நேரம்தான். அவர் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளப் போகிறார். ஊரே கேட்டது. ஊர் கேட்டதை நானும் கேட்டேன் என்று சும்மா இருந்துவிடலாம். நின்றபோதுதான் தொடங்கியது, நின்றதும் ஓடி வந்தாள், நல்ல பெண். "இல்லை" என்கிறேன். "அதற்கு முன்னாடியே. பாட்டு பாதி வரும்போதே இடது கை நின்றுவிட்டது. கீழ் மணிகள் வரவில்லை. நான் கேட்டேன்." "கேட்டீர்களா?" "கேட்டேன். அவர் வேண்டுமென்று என் சுரங்களை விட்டுவிட்டு வாசிக்கிறார் என்று நினைத்தேன். கோபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நின்ற பிறகும் உட்கார்ந்திருந்தேன்." என் குரல் யாருடையதோ போலிருக்கிறது. துவாரகன் என்னைப் பார்ப்பதை உணர்கிறேன், நான் அவனைப் பார்க்கவில்லை. மீசைக்காரர் அதட்டவில்லை, பாட்டு எப்போது தொடங்கியது, எவ்வளவு தூரம் போனதும் கீழ் மணிகள் நின்றன என்று மட்டும் கேட்டார், சொன்னேன், அவர் ரேடியோவில் அதை அப்படியே சொன்னார். "இன்னும் நேரம் இருக்கிறது" என்றார் பிறகு, என்னிடமா தன் ஆளிடமா தெரியவில்லை.

இறக்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் நாற்காலியின் சக்கரம் டக் என்று விழுகிறது, நான் பின்னால், துவாரகன் எனக்குப் பின்னால், என் தோளில் அவன் கை லேசாக இருக்கிறது, எடுக்கவில்லை. வெளியே வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. இப்போது யாரும் கைதட்டவில்லை. தட்டின கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள், துவாரகனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார், தாடிக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருக்கிறார், அவர் கண்ணில் பயம், எழுந்து நின்று தட்டினாரே. பாவம், அவர் என்ன செய்வார், அவருக்கு யார் சொன்னார்கள். வண்டியில் ஏற்றும்போது ஹெலன் என்னைப் பார்த்துவிட்டார். வலது கண்ணும் வாயின் வலது பாதியும் சிரிக்கின்றன. ஏதோ சொல்கிறார். குனிந்தேன். "நீ சொன்னதுதான் சரி" என்கிறார், ஒவ்வொரு சொல்லும் வாயிலேயே நனைந்து வருகிறது. "எதையும் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் அடித்தேன். கீழ் மணிகள். சேறே இல்லை. நன்றாக இருந்தது. கேட்டாயா?" மீசைக்காரர் பக்கத்தில்தான் நிற்கிறார், வாரை இறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது, மேலே நான் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் அடித்தாராம். ஒன்றையும் விடாமல் எனக்காக அடித்தாராம், அந்த அறையில், இல்லாத கையால். "கேட்டேன் ஹெலன்" என்கிறேன். "எல்லாம் கேட்டுச்சு." அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொள்கிறார். மீசைக்காரர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு நகர்ந்து வழி விடுகிறார். "ஆஸ்பத்திரியிலும் கேட்பார்கள், நீங்களே வந்து சொல்லுங்கள்" என்கிறார். ஏறி உட்காருகிறேன். "நான் பையை எடுத்துக்கொண்டு பின்னால வாறன்" என்கிறான் துவாரகன், கதவைச் சாத்துகிறார்கள். போர்வைக்கு வெளியே அவருடைய இடது கை தொங்குகிறது. எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொள்கிறேன், வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, முஷ்டியால் அடித்து அடித்துக் காய்த்துப்போன ஓரம், வண்டி கிளம்புகிறது. பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.